பெட்டியில் வந்த ஆஸ்டின்

எண்ணூர் அசோக் லேலண்ட் என்றதும் லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தொழிற்சாலை கார் பூட்டும் இடமாகத்தான் ஆரம்பித்தது என்றால் வடசென்னைக்காரர்களே நம்ப மாட்டார்கள். 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (பெயர் அவருடைய மகனுடையது) இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 காரை எண்ணூரில் பூட்டி விற்றது. 1,200 சி.சி. எஞ்சின், நாலு கியர். திரும்பும்போது விளக்கு சிமிட்டாது. கதவுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும்.

பாகங்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்தன. நட்டு முறுக்கியது மட்டும் நம் ஊர்க் கை. ஆகவே எண்ணூர் ஆஸ்டினுக்கும் முழுசாக வந்திறங்கிய ஆஸ்டினுக்கும் பெரிய பேதம் சொல்ல முடியாது. இது டெல்லிக்கும் தெரிந்தது. படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யுங்கள், இல்லையென்றால் கடையைக் கட்டுங்கள் என்று 1953-இல் அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் மறு வருடமே பம்பாய் தொழிற்சாலையை மூடியது. எண்ணூர் அதற்கு முன்பே, 1950-இல், இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து லாரிப் பக்கம் சாய்ந்திருந்தது. 1955-இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. 1956-இல் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் புல்லட் பூட்ட ஆரம்பித்தார்கள். அதுவும் சீமைப் பாகம்தான். ஆனால் சில வருடங்களில் முழுக்க இங்கேயே செய்யக் கற்று, 1977-இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். இந்த வட்டாரத்தில் கார் அப்படி வளரவில்லை என்பது எனக்குக் குறைதான்.

பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். அதற்கும் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'ஃபாரின் கார்' என்றால் தூதரகக்காரர்கள் ஓட்டிவிட்டுக் கொடுத்ததை அரசு வணிகக் கழகம் போட்ட ஏலத்தில் எடுத்ததாக இருக்கும். பாகம் போனால் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைதான் கதி.

இன்று ஒரே கம்பெனி ஷோரூமில் இரண்டு வகையும் நிற்கின்றன. விற்பனைக்காரர்கள் 'சி.கே.டி.', 'சி.பி.யு.' என்பார்கள்: பெட்டியில் வந்து இங்கே பூட்டியது, முழு வண்டியாக வந்தது. பிஎம்டபிள்யூ 2007 முதல் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டுகிறது. 40,000 டாலருக்கு மேற்பட்ட முழு வண்டிக்குச் சுங்க வரியும் மேல்வரியும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டும். பெட்டிப் பாகத்துக்கு அடிப்படை வரி 15 சதவீதம். அதிலும் எஞ்சினோ கியர்பாக்ஸோ பூட்டியே வந்தால் வரி ஏறும். அதனால்தான் பிஎம்டபிள்யூ எஞ்சினை அங்கேயே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டித் தருகிறது. நட்டை எங்கே முறுக்குகிறார்கள் என்பதில் லட்சக்கணக்கில் விலை மாறுகிறது. 'இம்போர்ட்டட்' என்று பெருமையாகச் சொல்பவர் அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் சுங்கத்துறைக்குத்தான் கட்டியிருக்கிறார்.

எண்ணூர்க் கரையில் இப்போது ஓட்டம் எதிர்த்திசையில். 2001-இல் திறந்த துறைமுகத்துக்கு (இன்றைய காமராஜர் துறைமுகம்) ஒரகடத்திலிருந்து நிசான் கார்கள் ட்ரெய்லரில் வருகின்றன. கிரேன் தூக்குவதில்லை, டிரைவர்கள் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே கப்பல் வயிற்றுக்குள் போய்விடுவார்கள். பலவற்றில் ஸ்டீயரிங் இடப்பக்கம். அவை போய்ச் சேரும் நாட்டில் வாங்குபவருக்கு நம் வண்டிதான் 'ஃபாரின்'.

இறக்குமதிப் பக்கமும் மாறுகிறது. 2025 ஜூலை 24-இல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்கு வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும். முழு வண்டி மலிந்தாலும் நான் இங்கே பூட்டியதையே எடுப்பேன். கேட்கும் மாடல் இங்கே பூட்டப்படவில்லை என்றால் வேறு பேச்சு. எதை எடுத்தாலும் சரி, கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: முன் கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி எத்தனை நாளில் வரும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.