கதிர்வீச்சு ஒட்டுப் பலபடிகளின் மருத்துவப் பயன்பாடு

கதிர்வீச்சு ஒட்டுப் பலபடியாக்கம் என்பது காமாக் கதிர் அல்லது எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு ஒரு பலபடியின் மீது வேறொரு பலபடியின் சங்கிலிகளை வளர்க்கும் முறையாகும். மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவதைப் போல, அடிப்பொருள் தன் வலிமையைத் தக்கவைத்துக்கொள்ள, மேற்பரப்பு மட்டும் புதிய பண்பைப் பெறுகிறது.

தேவை

சிலிக்கோன், பாலிஎத்திலீன், பாலியூரித்தேன் போன்றவை வடிகுழாய்கள் முதலிய மருத்துவக் கருவிகளில் பயன்படுகின்றன. இவற்றின் மேற்பரப்பு பொதுவாக நீரை எளிதில் ஏற்பதில்லை. உடலுக்குள் வைக்கப்பட்டவுடன் அதன்மீது புரதங்கள் படிகின்றன. அதைத் தொடர்ந்து இரத்தம் உறைவதும் நுண்ணுயிர்ப் படலம் உருவாவதும் உண்டு. நீரை ஏற்கும் ஒட்டுப் படலம் இந்தப் படிவைக் குறைக்க உதவுகிறது.

செய்முறை

கோபால்ட்டு-60 வெளியிடும் காமாக் கதிர், பலபடிச் சங்கிலியில் இயங்குறுப்புகளை உண்டாக்குகிறது. அக்ரிலிக் அமிலம் போன்ற ஒற்றைப்படிகள் அவ்விடங்களில் இணைந்து கிளைகளாக வளர்கின்றன. அடிப்பொருளையும் ஒற்றைப்படியையும் சேர்த்தே கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது ஒரு வழி. அடிப்பொருளை முதலில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பின்னர் ஒற்றைப்படியுடன் சேர்ப்பது மற்றொரு வழி. வேதித் தொடக்கிகள் தேவைப்படாததால் அவற்றின் எச்சம் பொருளில் தங்குவதில்லை. காமாக் கதிர்பட்ட பலபடி கதிரியக்கம் உடையதாக மாறுவதுமில்லை.

ஆய்வு வளர்ச்சி

பிரான்சில் அடால்ஃப் சாப்பிரோ 1950களில் இம்முறையை விரிவாக ஆராய்ந்தார். 1970களில் அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஹாஃப்மன், படி ராட்னர் ஆகியோர் நீர்க்களிமங்களை ஒட்டி, அவை இரத்தத்துடன் இணங்கும் தன்மையை ஆய்ந்தனர்.

சப்பானில் தெருவோ ஒக்கானோவின் குழு, எலக்ட்ரான் கற்றையால் வளர்ப்புத் தட்டின் மீது பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடை ஒட்டியது. 37 பாகை செல்சியசில் உயிரணுக்கள் அதில் ஒட்டி வளரும். வெப்பநிலையை 32 பாகைக்குக் கீழே குறைத்தால் ஒட்டுச் சங்கிலிகள் நீரை ஏற்று விரிய, உயிரணுக்கள் முழுத் தகடாகப் பிரிந்து வரும். டிரிப்சின் போன்ற நொதியால் பிரிக்கும்போது சிதையும் பிணைப்புகள் இங்குக் காக்கப்படுகின்றன. ஒட்டுப் படலத்தின் தடிமன் 15 முதல் 20 நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 30 நானோமீட்டர் அளவுக்குத் தடித்தால் உயிரணுக்கள் ஒட்டுவதே இல்லை.

நோயாளிகளின் வாய்ச் சளிச்சவ்விலிருந்து இவ்வாறு வளர்த்த தகடுகளைச் சேதமடைந்த விழிவெண்படலத்தில் பொருத்திய முடிவுகள் 2004இல் வெளியாயின. தையல் இன்றியே அவை ஒட்டிக்கொண்டன.

இன்றைய போக்குகள்

மருந்தை மெல்ல வெளியிடும் வடிகுழாய்கள், நுண்ணுயிர் எதிர்ப்புப் பரப்புகள், அமிலத்தன்மைக்கோ வெப்பநிலைக்கோ ஏற்ப மாறும் படலங்கள் ஆகியவை ஆராயப்படுகின்றன. சங்கிலிகளின் நீளத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுப் பலபடியாக்க முறைகளும் இத்துடன் இணைக்கப்படுகின்றன.

வரம்புகள்

கதிர்வீச்சின் அளவு மிகுந்தால் பாலிபுரோப்பிலீன், டெஃப்லான் போன்றவை நொறுங்கும் தன்மை பெறும். ஒட்டாமல் தனியே உருவாகும் பலபடியையும் எஞ்சிய ஒற்றைப்படியையும் கழுவி நீக்காவிட்டால் திசுக்களுக்குத் தீங்கு நேரலாம்.

பரப்பு சிறப்பாக அமைவது மட்டுமே சிகிச்சையின் வெற்றியாகாது. உயிரணுத் தகட்டு நுட்பத்தில் உருவான ‘ஹார்ட்சீட்’ என்னும் இதயச் சிகிச்சைப் பொருளுக்குச் சப்பான் 2015இல் நிபந்தனை ஒப்புதல் அளித்தது. 2024இல் அதன் பலன் போதிய அளவு நிறுவப்படவில்லை என மதிப்பிடப்பட்டதால் முழு ஒப்புதல் கிடைக்கவில்லை. எனவே ஒவ்வொரு புதிய பரப்பும் ஆய்வகச் சோதனைக்குப் பின் நோயாளிகளிடமும் தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியுள்ளது.