வறுவல் பார்த்து வாங்குங்கள்

சிக்கரி கலந்த காபி என்றாலே முகம் சுளிப்பது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. புதுச்சேரியில் இருந்துகொண்டு அப்படிச் சுளிப்பதுதான் வேடிக்கை. காபியில் சிக்கரி கலக்கும் பழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியவர்களே பிரெஞ்சுக்காரர்கள். 1806இல் நெப்போலியன், ஆங்கிலேயச் சரக்குக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தார். காபிக்கொட்டை வரத்து சுருங்க, சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துச் சேர்த்தார்கள். தடை போனது, நாக்குக்குப் பழகிய கசப்பு போகவில்லை. அதற்குச் சற்று முன், 1800 வாக்கில், மேலே துளைத்தட்டும் கீழே டிக்காஷன் சேரும் பாத்திரமுமாக ஓர் இரண்டடுக்கு ஃபில்டர் பாரிஸில் புழங்கத் தொடங்கியது. பாரிஸ் பேராயர் தெ பெல்லுவாவின் பெயர் அதற்கு. நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரின் வேலையும் அதுவே.

இந்த ஊரில் இன்றும் இரண்டு காபி உண்டு. கடற்கரைச் சாலைப் பக்கம் கஃபேக்களில் பாலில்லாத கறுப்புக் காபி. ஊருக்குள் டபராவில் ஆற்றிக் குடிக்கும் பால் காபி. இரண்டுக்கும் ஒரே பொடி வாங்குவதில்தான் பாதிக் காபி கெடுகிறது.

பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு ஈரம். வறுக்கும்போது முதலில் அது ஆவியாகும். 150 டிகிரி செல்சியஸ் அளவில் கொட்டையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் பிறக்கின்றன. தோசை முறுகலாவதும் இதே வினையால்தான். இதை 1912இல் விவரித்த லூயி கமீல் மயாரும் பிரெஞ்சுக்காரர். 200 டிகிரியை ஒட்டிக் கொட்டை ‘பட்’டென்று வெடிக்கும், அங்கே நிறுத்தினால் இளவறுவல். பழப் புளிப்பு தூக்கலாக இருக்கும். இன்னும் சற்று விட்டால் நடுவறுவல். 225 டிகிரி வாக்கில் இரண்டாம் வெடிப்பு. அதையும் தாண்டினால் எண்ணெய் மேலே கசிந்து கொட்டை பளபளக்கும். அது கருவறுவல். புளிப்பு அடங்கி, கசப்பு ஏறியிருக்கும்.

கறுப்பாகக் குடிப்பவர்களுக்கு இளவறுவலும் நடுவறுவலும் சரி. கொட்டை விளைந்த மண்ணின் ருசி அப்போதுதான் தெரியும். அதையே பாலில் ஊற்றினால் சப்பென்று, லேசான புளிப்போடு நிற்கும். பால் காபிக்கு நடுவறுவலைக் கொஞ்சம் தாண்டிய கொட்டைதான் என் தேர்வு. பிளான்டேஷன் ஏ-யா, பீபெரியா என்று கடையில் நடக்கும் வாக்குவாதத்தைவிட இது முக்கியம். கருவறுவலில் காஃபின் அதிகம் என்பது வெறும் நம்பிக்கை. வறுவலால் காஃபின் பெரிதாக மாறுவதில்லை. காஃபின் வேண்டுமென்றால் ரோபஸ்டா. அதில் அராபிகாவைப்போல ஏறத்தாழ இரண்டு பங்கு உண்டு.

சிக்கரியில் காஃபினே இல்லை. அது தருவது நிறமும் கெட்டித்தன்மையும். நீரில் ஊறி உப்புவதால் டிக்காஷன் இறங்குவதையும் தாமதப்படுத்தும். பழகாதவர்கள் நூற்றுக்கு 15, 20 பங்கில் தொடங்கலாம். ஒரு சங்கடம்: சிக்கரி ஈரத்தை இழுக்கும். கடற்காற்று ஊரில் டப்பாவைத் திறந்து போட்டால் பொடி கட்டிதட்டிவிடும். மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு, காற்றுப் புகாத டப்பாவில் போதும்.

போடும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. இரண்டு பேருக்கு மூன்று மேசைக்கரண்டிப் பொடி. ரவையைவிட நைஸாக, மாவைவிடக் கொரகொரப்பாக. தட்டை வைத்து லேசாக அமுக்குங்கள். இறுக்கினால் தண்ணீர் இறங்காது. கொதித்து இறக்கிய தண்ணீரை அரை நிமிடம் கழித்து, முதலில் பொடி நனையும் அளவு, பிறகு மீதி என்று ஊற்றி மூடுங்கள். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் இறங்கிவிடும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் எந்தப் பொடியும் உதவாது, குடிதண்ணீரையே ஊற்றுங்கள். டிக்காஷனை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள். பாலைச் சூடாக்கி அதில் ஊற்றுவதே முறை.

கலவைப் பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கொட்டை வறுத்து எத்தனை நாளாயிற்று?