நெசவாளர் கையும் காப்பீடும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஊர் ஆரணி. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டார்க்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. அரிசி ஆலைகளில் பொறிகள் இரைகின்றன. நெசவாளர் தெருக்களில் தறிகள் ஒலிக்கின்றன. இரண்டு தொழிலுக்கும் மனிதரின் கையே முதல். ஆயினும், கைக்கு ஊறு நேருங்கால் ஆலைத் தொழிலாளிக்கும் வீட்டில் நெய்யும் நெசவாளர்க்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றன்று. அவ்வேற்றுமை எவ்வாறு வந்தது, அதனைக் காப்பீட்டினால் நீக்க முடியுமா என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை.

பட்டு நெசவில் உடலின் எவ்வுறுப்புக்கும் ஓய்வில்லை. நெசவாளர் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்கிறார். கால்கள் மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்கின்றன. ஒரு கை நாடாவை ஓட்டுகிறது. மற்றொரு கை அச்சுப் பலகையை இழுத்து ஊடையை நெருக்குகிறது. கண்ணோ இவையனைத்தையும் ஒருங்கே மேற்பார்க்கிறது. ஒரு சேலையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. மயிரினும் மெல்லிய அவ்விழைகளுள் ஒன்று அறுந்தாலும் அதனை உடனே காணவேண்டும். கண்டவுடன் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் திரித்து இணைத்துவிடவேண்டும். காணத் தவறினால் சேலையில் குறை விழும். கூலியிலும் குறை விழும். பழைய பாவு முடிந்து புதிய பாவு ஏற்றும்போது, இழை இழையாக அத்தனையையும் பிணைத்தாக வேண்டும். அவ்வேலை முழுவதும் விரல் நுனிகளின் வேலை. அங்கே ஒரு விரலின் நுனி மரத்துப்போவதும் சிறு குறையன்று.

இத்தகைய உறுப்புகளைத் தனித்தனியே காப்பீடு செய்துகொண்டோர் உலகில் உண்டு. இலண்டன் நகரில் 17ஆம் நூற்றாண்டில் எட்வர்டு லாயிடு என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் வணிகர் கூடிப் பேசினர். அக்கூட்டமே பின்னர் லாயிட்ஸ் என்னும் புகழ்பெற்ற காப்பீட்டுச் சந்தையாக வளர்ந்தது. அமெரிக்கத் திரைப்பட நடிகை பெட்டி கிரேபிளின் கால்கள் 1940களில் 10 இலட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டன. 2009ஆம் ஆண்டில் காப்பி நிறுவனம் ஒன்று, தன்னிடம் காப்பியைச் சுவைத்துத் தேர்பவரின் நாவை ஒரு கோடி பவுனுக்கு லாயிட்ஸில் காப்பீடு செய்தது. காப்பிக் கடையில் பிறந்த சந்தை காப்பி சுவைப்பவரின் நாவுக்குக் காவலாயிற்று! இவற்றுள் பெரும்பகுதி விளம்பரமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் உள்ளிருக்கும் கருத்து நகைப்புக்குரியதன்று. எவ்வுறுப்பினால் ஒருவர் உண்கிறாரோ, அவ்வுறுப்பின் இழப்பு அவருக்கு மற்றவர்களினும் பெரிது என்பதே அக்கருத்து.

உறுப்புக்கு விலை குறிக்கும் வழக்கம் கடற்கொள்ளையரிடத்தும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலில் திரிந்த கொள்ளையர், புறப்படுமுன் தமக்குள் உடன்படிக்கை எழுதிக்கொள்வர். வலக்கை இழந்தவனுக்கு 600 ஸ்பானிய வெள்ளி நாணயம், இடக்கைக்கு 500, வலக்காலுக்கு 500, இடக்காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100, ஒரு விரலுக்கும் 100. இதனை அவர்களோடு வாழ்ந்த எக்ஸ்குவெமெலின் என்பவர் 1678இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். கண்ணுக்கும் விரலுக்கும் ஒரே விலை வைத்தது வியப்பே. ஒரு கண் போனாலும் கொள்ளையிடத் தடையில்லை என்று எண்ணினர் போலும்! நெசவாளர் அப்பட்டியலை எழுதியிருந்தால் இவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

பட்டுத் தொழிலில் விரலின் மதிப்பைக் காட்டும் துயரச் செய்தியொன்றும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய வில்லியம் போல்ட்சு என்பவர் 1772ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வங்காளத்தில் பட்டு நூல் சுற்றுவோர் சிலர், தம்மை வற்புறுத்தி வேலை வாங்குவதிலிருந்து தப்பத் தம் பெருவிரல்களைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்று குறித்துள்ளார். பெருவிரல் இல்லாதவரை எந்த அதிகாரியும் நூல் சுற்றச் சொல்ல முடியாது. பிழைப்புக்கு வழியாகிய உறுப்பே கொடுமைக்கும் வழியாயிற்று.

தொழிலில் உறுப்பிழந்தார்க்கு முதலாளி ஈடு செய்யவேண்டும் என்னும் சட்டம் இந்தியாவில் 1923ஆம் ஆண்டில் பிறந்தது. அச்சட்டத்தின் அட்டவணையில் ஒவ்வோர் இழப்புக்கும், பொருளீட்டும் ஆற்றலில் எத்தனை விழுக்காடு குறைகிறது என்பது வகுக்கப்பட்டிருந்தது. இரு கைகளும் போயின் 100 விழுக்காடு, பெருவிரலுக்கு 30, சுட்டுவிரல் முழுவதற்கும் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சிறுவிரலுக்கும் 7. தொழிலாளியின் மாத ஊதியம், வயது, இவ்விழுக்காடு ஆகிய மூன்றையும் கொண்டு ஈட்டுத்தொகை கணிக்கப்படும். அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிற்று.

சுட்டுவிரலுக்கு 14 என்பது மூட்டை சுமப்பவருக்கும் பொருந்துமா, இழை பிணைப்பவருக்கும் பொருந்துமா என்னும் ஐயம் இங்கு எழும். 1976ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதற்கு ஒளி தருகிறது. தச்சர் ஒருவர் வேலையின்போது விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கையே போயிற்றாதலின் இழப்பு முழுமையானதன்று என்று எதிர்த்தரப்பு வாதித்தது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய இயலாது. ஆதலால் அவருக்கு நேர்ந்தது முழு இழப்பே என்று நீதிமன்றம் கூறிற்று. உறுப்பை மட்டும் பாராது, அவ்வுறுப்பைக் கொண்டு செய்த தொழிலையும் பார்த்தது அத்தீர்ப்பு. நெசவாளரின் விரலையும் அக்கண்கொண்டே பார்த்தல் வேண்டும்.

ஆனால் ஆரணி நெசவாளர்க்கு இச்சட்டம் எளிதில் எட்டுவதில்லை. அரிசி ஆலையில் பொறியில் கை சிக்குண்டவருக்குப் பொறுப்பேற்க ஆலை முதலாளி ஒருவர் உண்டு. நெசவாளரோ தம் வீட்டில், தம் தறியில் நெய்கிறார். பட்டு நூலும் ஜரிகையும் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ, தனிப்பட்ட உற்பத்தியாளரிடமிருந்தோ வருகின்றன. நெய்த சேலைக்குக் கூலி உண்டு. நெய்யாத நாளுக்கு ஒன்றுமில்லை. முன்பணம் பெற்றிருந்தால், கை ஓய்ந்தாலும் கடன் ஓயாது. அவருக்கு முதலாளி யார் என்னும் வினாவிற்கே விடை காண்பது அரிது. சட்டம் எட்டாத இவ்விடத்திலேதான் காப்பீடு பயன்படுகிறது.

கைத்தறி நெசவாளர்க்கென நடுவண் அரசு 2003ஆம் ஆண்டில் ஒரு காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர் அது மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டம் எனப் பெயர் பெற்றது. ஆண்டுக்கட்டணம் 470 ரூபாயில் நெசவாளர் செலுத்தியது 80 ரூபாயே. 290 ரூபாயை அரசும், 100 ரூபாயை ஆயுள் காப்பீட்டுக் கழகமும் ஏற்றன. விபத்தில் பகுதி ஊனமுற்றார்க்கு 75,000 ரூபாய் வகுக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் இத்திட்டம் மக்கள் அனைவர்க்கும் உரிய பொதுத் திட்டங்களோடு இணைக்கப்பட்டது. அவற்றுள் 2015இல் தொடங்கிய பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுக்கட்டணம் இப்போது 20 ரூபாய். விபத்தில் ஒரு கண்ணின் பார்வையோ, ஒரு கை அல்லது காலின் பயனோ மீளா வகையில் முற்றும் போய்விட்டால் ஒரு இலட்சம் ரூபாயும், உயிரிழப்புக்கும் இரு கண் அல்லது இரு கை இழப்புக்கும் இரண்டு இலட்சம் ரூபாயும் அது தருகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கை முழுவதும் பயனற்றுப் போனால்தான் பணம் வரும். சுட்டுவிரல் ஒன்று போனால் இத்திட்டத்தில் ஒன்றும் கிடையாது. தனிப்பட்ட விபத்துக் காப்பீட்டு ஆவணங்கள் பலவற்றில் விரலுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் பெருவிரலுக்கு நூற்றுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10 என்பது கணக்கு. ஐந்து இலட்ச ரூபாய்க் காப்பீட்டில் சுட்டுவிரலின் பங்கு 50,000 ரூபாயாகும். அவற்றின் கட்டணம் 20 ரூபாயில் முடிவதன்று. எனினும் கட்டணம் செலுத்த இயலும் நெசவாளர்க்கு அத்தகைய காப்பீடு வீண் செலவாகாது. நடிகையின் காலைப்போல ஒரு விரலை மட்டும் தேர்ந்து காப்பீடு செய்வதோ அறிவுடைமை ஆகாது. விரல் தப்பினாலும் முழங்கால் முறியலாம். கண்ணில் கட்டை தெறிக்கலாம். ஏழைக் குடும்பம் காக்கவேண்டியது உறுப்பொன்றை அன்று; அவ்வுடலால் வரும் வருவாய் முழுவதையுமே.

இனி, விபத்தே நேராமல் கை ஓய்வதும் உண்டு. நெசவில் அதுவே மிகுதி. நாற்பது வயதை ஒட்டி அணித்தேயுள்ள பொருள் மங்கலாகத் தோன்றும். இதனை வெள்ளெழுத்து என்பர். நூல் எண்ணும் கண்ணுக்கு இதனினும் பெரிய இடர் இல்லை. ஆண்டுக்கணக்கில் குழியில் அமர்ந்து மிதித்த முழங்காலும் முதுகும் நோகும். இவற்றுக்கு எந்த விபத்துக் காப்பீடும் பணம் தராது. நேருமோ நேராதோ என்னும் தீங்கைப் பலரும் பகிர்ந்துகொள்வதே காப்பீடு. ஏறத்தாழ எல்லார்க்கும் வரும் தேய்வை அவ்வாறு பகிர்தல் அரிது.

ஆனால் அத்தேய்வுக்கு மருந்து மிக எளியதாகவும் இருக்கலாம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர் சிலர்க்கு மூக்குக்கண்ணாடி அளித்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றோர், பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக வேலைத்திறன் கூடப் பெற்றனர். இலை கிள்ளுவோர்க்கே இத்துணைப் பயன் எனின், இழை காண்போர்க்கு எத்துணையாகும்! தமிழ்நாட்டில் கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்க்கென நல வாரியம் ஒன்றுண்டு. விபத்து உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றோடு மூக்குக்கண்ணாடிக்கான உதவியும் அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இவற்றைப் பெற உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

இருபது ரூபாய்த் திட்டத்தில் 18 வயது முதல் 70 வயது வரை உள்ளோர் சேரலாம். வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்கு இருத்தல் வேண்டும். காப்பீட்டு ஆண்டு சூன் 1இல் தொடங்கி அடுத்த மே 31இல் முடியும். கட்டணம் கணக்கிலிருந்து தானே கழிக்கப்படும். கழிக்கும் நாளில் கணக்கில் பணமில்லையேல் காப்பு நின்றுவிடும். அதனை அறியாமலே ஒருவர் தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருக்கக் கூடும்.