பற்பாலம் அமைக்கும் முறை

‘பல் போனால் சொல் போயிற்று’ என்பது முன்னோர் வாக்கு. போவது சொல் மட்டுமன்று. விழுந்த பல்லின் இடம் வெறுமையாகக் கிடந்தால், அயற்பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சாயக்கூடும். எதிர்வரிசைப் பல்லும் தன் நிலையிலிருந்து நகரக்கூடும். இவ்விடைவெளியைக் கழற்றாத வகையில் நிரப்பும் அமைப்பே பற்பாலம். பழைய இத்தாலியின் எத்துருஸ்கர் பொற்பட்டைகளாற் பற்களைப் பிணைத்து இதனைச் செய்தனர்.

மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் ஒருவர் கொடுப்புப் பல் ஒன்றை இழந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு எத்தகைய பாலம் பொருந்தும்? கேரதீவையும் சங்குப்பிட்டியையும் இணைத்து 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தை எண்ணிப் பாருங்கள். பாலத்தின் பாரம் தூண்களின் மீதே தங்குகின்றது. பற்பாலத்துக்கு அயற்பற்களே தூண்கள். ஆதலால் வைத்தியர் முதலிற் பார்ப்பது வெற்றிடத்தையன்று, அயற்பற்களையே. எக்ஸ்ரே படத்தில் வேரின் நீளத்தையும் அதனைப் பற்றிநிற்கும் எலும்பையும் அவர் ஆராய்வார்.

தூண்பற்களின் வேர்ப்பரப்பு, இழந்த பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையலாகாது என்னும் விதியை ஆன்ரே என்பார் 1926இல் வகுத்தார். எலும்பு சற்றுக் குறைந்திருப்பினும், முரசு நோயின்றியிருந்தால் பாலம் நிலைக்கலாம் எனப் பின்னைய ஆராய்ச்சிகள் காட்டின. எனினும் நீளத்தை எவரும் புறக்கணிக்க முடியாது. ஒரே தடிப்புள்ள பனைவளையின் நீளத்தை இருமடங்காக்கினால், அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு வளையும். பற்பாலமும் அவ்வாறே.

கொடுப்பில் மெல்லும் விசை மிகுதி. எனவே அங்கே இருபுறப் பற்களுக்கும் முடியணிந்து, நடுவே செயற்கைப் பல்லைத் தாங்கும் முறையே பெரும்பாலும் தெரிவாகின்றது. ஆயின் அதற்காக நல்ல பற்களையும் சீவ வேண்டும். சீவிய எனாமல் மீண்டும் வளராது. சில வேளைகளிற் பல்லின் நரம்பும் பட்டுப்போகும். ஏற்கனவே பெரிதாக அடைக்கப்பட்ட பற்களாயின் இவ்விழப்புச் சிறிது. பழுதற்ற பற்களாயின் பெரிது. அந்நிலையிற் கழற்றும் பல்லையோ, எலும்பிற் பதிக்கும் பல்லையோ, இடத்தை அப்படியே விடுவதையோ வைத்தியர் முன்வைக்கலாம்.

முன்வாயில் ஒரு பல் மட்டும் இல்லையெனில், அயற்பல்லின் பின்புறத்திற் பசையால் ஒட்டும் சிறகுப் பாலம் உண்டு. இதற்குச் சீவுதல் மிகக் குறைவு. ஒற்றைச் சிறகே இப்போது பெரிதும் விரும்பப்படுகின்றது. இரு சிறகுகளில் ஒன்று கழன்றாலும் மற்றையது பாலத்தைப் பிடித்திருக்கும். கழன்றதன் அடியிற் சூத்தை அறியாமலே பரவும். ஒற்றைச் சிறகு கழன்றாலோ உடனே தெரிந்துவிடும்.

எப்பாலமாயினும் அடிப்புறம் நாள்தோறும் துப்புரவாக வேண்டும். தூண் சூத்தைப்பட்டாற் பாலம் வீழும். ஆகவே, நேயர்களே, பாலம் கட்ட இசையுமுன், ‘என் நல்ல பல்லில் எவ்வளவு சீவப்படும்?’ என்று வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.