மடை உண்டு, நீர் பாயுமா?

வங்கிக் கணக்குத் தொடங்குவதற்குக் கேமராவின் முன் கண்ணிமைத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையால், அமிலவீச்சுக்கு ஆளானோரும் பார்வையற்றோரும் அடைந்த இன்னலை விசாரித்த உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கமே என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. அதைப் படித்த பந்தல்குடி வாசகர் ஒருவர், வலைத்தளம் எல்லோருக்கும் பயன்படுமா என்பதைக் கணினியே சோதித்துச் சொல்லிவிடுமாமே, மெய்தானா என்று வினவுகிறார்.

ஓரளவுக்கு மெய். படத்துக்கு விளக்கம் உண்டா, படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் உண்டா, பக்கத்தின் மொழி இன்னதென்று அறிவித்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் சோதனைக் கருவி நொடியில் கண்டுவிடும். ஆயினும், 2017-இல் பிரிட்டிஷ் அரசின் கணினித் துறையினர் வேண்டுமென்றே குறைகளை நிரப்பிய ஒரு பக்கத்தை ஆக்கிச் சோதித்தபோது, மிகச் சிறந்த கருவியும் ஏறத்தாழ 40 விழுக்காட்டையே கண்டுபிடித்தது.

இத்தகைய சோதனையின் சரித்திரம் சுருக்கமானது: 1996-இல் அமெரிக்காவில் 'பாபி' என்ற சோதனைக் கருவி, 1999-இல் வலைத்தளங்கள் எல்லோருக்கும் பயன்படுவதற்கான உலகப் பொது நெறிகள், 2009-இல் இந்திய அரசின் நெறிகள்.

நமக்குரிய விஷயம் தமிழ் எழுத்தில் இருக்கிறது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் எழுத்தின் உருவத்தை நோக்குவதில்லை. அதன் எண்ணையே நோக்குகிறது. ஒருங்குறியில் 'த'வுக்கு எண் 2980. பாமினி என்ற பழைய எழுத்துருவிலோ, ஆங்கில 'ஜே'க்குரிய 106 என்னும் எண்ணின்மேல் 'த'வின் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே கண்ணுக்குத் 'தமிழ்' என்று தோன்றும் சொல், காதில் 'ஜே, கே, பி, ஓ' என்று விழுகிறது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் எழுதி இன்னும் மாற்றாத பக்கத்தில் 'மொழி: தமிழ்' என்ற அறிவிப்பு மட்டும் இருந்துவிட்டால், அறிவிப்பை மாத்திரம் பார்க்கும் கருவி அதைத் தேறியதாகவே குறித்துக்கொள்ளும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். மடை இருக்கிறதா, பலகை இறங்குகிறதா என்பதைக் கரைமேல் நடந்தபடியே பதிவேட்டில் குறித்துவிடலாம். வாய்க்கால் தூர்ந்ததையும், சீமைக்கருவேல் வேர்விட்டு அடைத்ததையும், கடைமடைக் கரிசல் வெடித்துக் கிடப்பதையும், மண்வெட்டியோடு நீர் போகும் வழியே கூடப் போகும் நீர்பாய்ச்சியே அறிவார். மொழி அறிவிப்பு மடை. எழுத்தின் எண் நீர். கேட்பவரின் செவியே கடைமடை வயல்.

எந்தத் தளத்தையும் தன் செயற்கை நுண்ணறிவு நெறிப்படுத்திவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, 2025-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 10 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. நம் உச்ச நீதிமன்றமோ, தகுதி பெற்ற வல்லுநரின் தணிக்கை காலந்தோறும் நடைபெற வேண்டும் என்றதோடு நில்லாமல், தளத்தை வடிவமைக்கும்போதே பார்வையற்றோரையும் பரிசோதனையில் சேர்க்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறது. கருவி முதலில் கரைமேல் நடக்கட்டும். நீர் வந்து சேர்ந்தது என்று சொல்லவேண்டியவர் கடைமடைக்காரரே.