காயம்பட்ட கோழியைத் தேற்றுவது எப்படி?

ஆனைமலை சுத்துவட்டாரத் தென்னந்தோப்புகளில் கோழியை மேயவிட்டு வளர்க்கிறவங்களுக்குக் கீரியும் நாயும் காட்டுப்பூனையும் புதுசில்லைங்க. கடிபட்டுத் தப்பி வந்த கோழியைப் பார்த்ததும், "இனித் தேறாது, குழம்பு வெச்சிரலாம்" என்றுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். அவசரப்பட வேண்டாம். கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியசுக்கு மேல். தோலும் மெல்லிசாக, தசையோடு இறுக ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும். அதனால் முதுகில் அகலமாகக் கிழிந்த காயம்கூட சில வாரங்களில் சுருங்கி மூடிவிடும். அதுவரைக்கும் முதல் ராத்திரி அதிர்ச்சி, ஈப்புழு, மற்ற கோழிகளின் அலகு இந்த மூன்றிலிருந்தும் காப்பாற்றினால் போதும்.

பிடித்தவுடன் இருட்டான, கதகதப்பான இடத்தில் வையுங்க. அட்டைப்பெட்டி போதும். தென்னை நார்க்கழிவு நம்ம பக்கம் சல்லிசாகக் கிடைக்குது என்று அதைப் பரப்பிவிடாதீங்க, தூள் காயத்தில் அப்பிக்கொள்ளும். பழைய பருத்தித்துணி நல்லது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீரில் அலகு நுனியை நனைத்துவிட்டால் தானே குடிக்கும்.

பிறகு இறகை ஊதி ஊதிப் பார்க்கணும். நாய், பூனைப் பல் பட்ட இடம் வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். ஓட்டை வழியே காற்று வந்தாலோ, இரைப்பை கிழிந்து தீவனம் ஒழுகினாலோ, பூனை கடித்திருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்க. பூனை வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் கோழி போய்விடும்.

மற்ற காயங்களுக்கு, சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துவிட்டு (பிடுங்காதீங்க), கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டுக் கழுவணும். பினாயில், மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் எதுவும் ஆகாது.

மருந்துக்கு, தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையத்திலிருந்து பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மாட்டுக்கான காயத் தைலமே நமக்கும் உதவும். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவிடுங்க. கோழிக்குக் கால் பங்கு காய்ச்சினாலே மிச்சமாகும். காயத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவணும். இறகெல்லாம் எண்ணெயானால் மழைநாளில் கோழி வெடவெடத்துப் போகும். மஞ்சள் பூசியதில் இன்னொரு லாபம், ரத்தச் சிவப்பு மறைந்துவிடும். சிவப்பைக் கண்டால்தான் மற்ற கோழிகள் கொத்தும்.

தென்மேற்குப் பருவமழை சமயத்தில் ஈதான் பெரிய எதிரி. முட்டையிட்ட ஒரே நாளில் புழு வந்துவிடும். காலையும் மாலையும் பாருங்க, முக்கியமாக ஆசனவாய்ப் பக்கம். புழு இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதோ, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ போட்டு, மறுநாளிலிருந்து தைலம்.

இரண்டு மூன்று நாளில் காயத்தைச் சுற்றிப் பச்சையாக மாறும். அழுகிவிட்டது என்று பலபேர் பயந்து அறுத்துவிடுகிறார்கள். நமக்கு ரத்தம் கட்டினால் நீலமாவது போல, கோழிக்குப் பச்சையாகும், அவ்வளவுதான். நாற்றம் வந்தால், கறுத்தால்தான் ஆபத்து. கோழிக்குச் சீழ் ஒழுகாது, பால்கட்டி மாதிரி கெட்டியாகத் திரளும். அதனால் கட்டியைப் பிதுக்கிப் பயனில்லை, மருத்துவர் கீறித்தான் எடுக்கணும். அவர் ஊசி போட்டால், எத்தனை நாள் முட்டையையும் கறியையும் ஒதுக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்க.

கம்பு, சோளத்தோடு வேகவைத்த முட்டையைப் பிசைந்து கொடுங்க. முருங்கைக்கீரையும் நல்லது. முட்டை விடுவது நின்றுபோகும், அது சகஜம்.

இரண்டு நாள் கழிந்து தெம்பு வந்ததும் பகலில் கொடாப்பைக் கவிழ்த்து, மற்ற கோழிகள் மேயும் இடத்திலேயே அடையுங்க. கண்மறைவாக வைத்துவிட்டு இருபது நாள் கழித்து விட்டால், சேக்காளிக் கோழிகளே அந்நியமாக நினைத்துத் துரத்தும். காயம் முழுசாக மூடி, புது இறகு முளைத்த பிறகு, பொழுது சாயும் நேரம், எல்லாம் கூண்டில் அடையும்போது இதையும் உள்ளே விடுங்க.