ஒரே டவரில் ஹோட்டலும் வீடும்: ஏன் கட்டுகிறார்கள்? தீப்பிடித்தால் என்ன ஆகும்?

ஏழாயிரம்பண்ணை பக்கம் பஸ்ஸில் போனால், பட்டாசு ஆலைகளில் சின்னச் சின்ன அறைகள் தெரியும். மாடி கிடையாது. அறைக்கு அறை இடைவெளி இருக்கும். காரணம், வெடிபொருள் விதிகள். ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது. உள்ளே இருப்பவர் உடனே வெளியே ஓடிவிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரானவை, துபாய், கொழும்பு போன்ற நகரங்களின் தோற்றத்தையே மாற்றிய வானுயரக் கட்டடங்கள். நட்சத்திர ஹோட்டல், சொந்த வீடு, ஆபீஸ் எல்லாம் ஒரே இடத்தில்!

எங்கெல்லாம் இருக்கு?

2010 ஜனவரியில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். கீழ்ப்பகுதியில் ஹோட்டல், அதற்கு மேல் வீடுகள், உச்சியை ஒட்டி அலுவலகங்கள். கொழும்பு காலிமுகத்திடலில் ஷாங்ரி-லா ஹோட்டல் 2017-ல் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் 50 மாடிகளுடன் இரண்டு குடியிருப்பு டவர்களும், ஒரு மாலும் இருக்கின்றன.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்?

முதல் காரணம், நிலத்தின் விலை. இரண்டாவது, பணப்புழக்கம். ஹோட்டலில் போட்ட முதல் திரும்பப் பல வருஷம் ஆகும். வீடுகளைக் கட்டி முடிக்கும் முன்பே விற்கலாம். அந்தப் பணம் கட்டுமானத்துக்கு உதவும். வீடு வாங்குபவருக்கு ஹோட்டலின் வசதிகளும் பெயரும் கிடைக்கும். ஆனால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் எகிறும்.

ஊருக்கு என்ன லாபம்? ஒரு அடையாளம். சென்னையில் 1959-ல் திறந்த 14 மாடி எல்ஐசி கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். கிராமத்து ஹீரோ சென்னைக்கு வந்துவிட்டார் என்று சொல்ல, சினிமாவுக்கு அந்த ஒரு ஷாட் போதுமானதாக இருந்தது. அந்தக் கட்டடத்திலும் 1975-ல் பெரும் தீ விபத்து நடந்தது.

தீப்பிடித்தால்?

2015 டிசம்பர் 31 இரவு. புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்க புர்ஜ் கலீஃபாவைச் சுற்றிக் கூட்டம். அருகிலிருந்த 63 மாடி 'அட்ரஸ் டவுன்டவுன்' டவர் பற்றி எரிந்தது. அதுவும் ஹோட்டலும் குடியிருப்பும் சேர்ந்த கட்டடம்தான். விளக்கு ஒயரில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்றது துபாய் போலீஸ். தீ மளமளவென மேலே ஏறக் காரணம், வெளிச்சுவரில் பதித்திருந்த தகடுகள். நம்ம ஊர்க் கடை முகப்புகளில் ஒட்டுகிறோமே, ஏசிபி ஷீட், அந்த ரகம். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக்தான் எரியும். உள்ளே இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு 2017-ல் அமீரகம் தீ பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது.

இந்த வகைக் கட்டடத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. வீட்டுக்காரருக்கு வழி தெரியும். நேற்று ராத்திரி வந்து தங்கிய விருந்தினருக்கு படிக்கட்டு எங்கே என்றே தெரியாது.

நம் விதி என்ன?

தமிழ்நாட்டில் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். தேசிய கட்டட விதித்தொகுப்பின்படி, 24 மீட்டருக்கு மேல் போனால் தீயின்போது ஒதுங்கி நிற்க தனி இடம் வேண்டும்.

வேலைக்காகவோ, சுற்றுலாவுக்காகவோ இப்படி ஒரு டவரில் தங்கப் போகிறீர்களா? ஜன்னல் வழியே ஊரை ரசிப்பதற்கு முன், அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். படிக்கட்டு வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். தீப்பிடித்தால் லிஃப்ட் பக்கமே போகாதீர்கள்.

வெளியேறும் வழிதான் முதலில். பட்டாசு அறைக்கும் அதுதான் விதி, 63 மாடிக்கும் அதுதான் விதி.